காப்புக்கு மேல் கட்டிய கடிகாரம்

கையில் கட்டும் பொருள்களில் எனக்கு நம்பிக்கை இருப்பது இரண்டில்தான். ஒன்று வளையல், இன்னொன்று காப்பு. மூன்றாவதாக ஒன்று எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. அதன் பேச்சைக் கேட்டு என் கணவர் ஆடிய ஆட்டத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது மணி காட்டும், ஆனால் மணி பார்ப்பதற்காக யாரும் அதை வாங்குவதில்லை. இன்றைக்கு நீ எத்தனை கலோரி எரித்தாய் என்று அது சொல்லும். உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது.

நாங்கள் பீடோங்கில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறோம். கற்பூரம், ஊதுவத்தி, விளக்குத்திரி, பக்கத்து அலமாரியில் நானே வறுத்து அரைக்கும் மசாலாத் தூள். என் கணவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பல வருடங்கள் ஆகின்றன. மாத்திரையை விழுங்குவார், மாத்திரைதான் போட்டாயிற்றே என்று இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொள்வார். சென்ற வருடம் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், என் மகள் வயதிருக்கும் மலாய்க்காரப் பெண், அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். மூன்று மாதத்தில் சீனி இறங்கவில்லை என்றால் இன்சுலின் ஊசி. அதைவிட முக்கியம் பாதம். பாதத்தில் நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது, தினமும் பாருங்கள், சின்னக் காயத்தைக்கூட விட்டுவிடாதீர்கள் என்றார்.

பாதம் என்றதும் எனக்கு இன்னொரு கால் ஞாபகத்துக்கு வந்தது. பெண்டாங்கில் இருக்கும் என் கணவருடைய அண்ணனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம், செருப்பு கடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்த அன்று, போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து என் கணவர் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் என் கண் அவர் காலுக்குத்தான் போகும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த இரண்டு காலும் கடைசிவரை அவரோடு இருக்க வேண்டும்.

விஷயத்தைக் கேள்விப்பட்டு, பினாங்கில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அந்தக் கடிகாரத்தை வாங்கி அனுப்பினாள். பாசத்தில்தான் செய்தாள், அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகத்தான் முடிந்தது.

பெட்டி வந்ததும் என் கணவர் அதைப் பிரசாதத்தைப் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திறந்தார். கைப்பேசியில் அதற்கென்று ஒரு செயலி. அது வயது கேட்டது, உயரம் கேட்டது, எடை கேட்டது. வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவி இல்லை. கடையில் மிளகாய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார், சட்டைப் பையில் கைப்பேசியும் இடுப்பில் கடைச் சாவிக்கொத்துமாக. வியாபாரி வீட்டுத் தராசு சரியாக எவ்வளவு காட்டும் என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்த எடையையே பதிந்தார். எடையைக் கூட்டிப் பதிந்தால் எரித்த கலோரியும் கூட்டித்தான் காட்டும் என்று மகள் பிறகு தொலைபேசியில் எச்சரித்தாள்.

"அப்ப நல்லதுதானே," என்றார் இவர்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இவருக்கு எடை குறைய வேண்டியதில்லை, கடிகாரத்தில் எண் கூடினால் போதும்.

பீடோங்கில் காலை வேளையில் விளையாட்டுத் திடலைச் சுற்றி நடக்கும் ஆண்கள் கூட்டம் ஒன்று உண்டு. அதற்குத் தலைவர் இவருடைய கூட்டாளி, செம்பனை எண்ணெய் ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலையில் அதிகாரம் செய்து பழகிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகு அதிகாரம் செய்ய ஆள் இல்லாமல் திடலுக்கு வந்து சேர்ந்தவர். அவருக்கென்று கைப்பேசியில் ஒரு புலனக் குழு. நடை முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் கடிகாரத்தைப் படம் எடுத்து அதில் போட வேண்டும். யாருக்குக் கலோரி அதிகமோ அவருக்கு எல்லாரும் கும்பிடு போடுவார்கள். என் கணவர் சேர்ந்த முதல் நாளே கூட்டாளி அவர் கையைப் பிடித்துப் பார்த்துச் சொன்னாராம்.

"இடது கையில கட்டினா ஒன்னும் ஏறாது லா அண்ணே. வலது கையில கட்டுங்க. நல்லா வீசி நடங்க. எப்படி ஏறுதுன்னு பாருங்க."

அன்று மாலையே கடிகாரம் வலது கைக்கு மாறியது. கடையில் ஆளுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும்போதும் கையை அளவுக்கு மேல் வீசினார். ஊதுவத்திக் கட்டை எடுத்துக் கொடுக்க வாளைச் சுழற்றுவது போல ஒரு சுழற்று. வாங்க வந்த அம்மா ஒருத்தி பயந்து இரண்டடி பின்வாங்கினாள். சாமி வந்திருக்கிறதா என்று என்னிடம் கண்ணால் கேட்டாள். இல்லை, கலோரி வந்திருக்கிறது என்றேன்.

நடையாவது உண்மையாக நடந்தார்களே, அதற்காகவாவது பாராட்டலாம் என்று நினைத்தால், நடை முடிந்ததும் கூட்டம் நேராக மாமாக் கடைக்கு, ரொட்டியும் டீயும் விற்கும் இடத்துக்குப் போய்விடும். முன்பு எப்போதாவது ரகசியமாகச் சாப்பிட்ட, எண்ணெய் ஒழுகும் ரொட்டி சானாயை இப்போது தினமும் தைரியமாகச் சாப்பிட்டார். கேட்டால் கடிகாரத்தைக் காட்டுவார்.

"முன்னூறு எரிச்சிருக்கேன். ஒரு ரொட்டி சானாய் முன்னூறு. கழிச்சுப் பாரு, சரியாப் போச்சா?"

"வீட்டுலயே படுத்திருந்தாலும் சரியாத்தானே போயிருக்கும்?" என்றேன். "அது சரி, ரொட்டிக்குத் தொட்டுக்க ஒன்னும் ஊத்தலையா?"

"பருப்பு. பருப்பு புரோட்டின் லா."

"தே தாரேக்?"

"சீனி குறைச்சுத்தான்."

டீயில் சீனியைக் குறைத்துப் பாலை ஊற்றியிருப்பார்கள், டின் பாலில் சீனி இல்லையா? கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். இவர் படித்தவர், ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பவர், வியாபாரத்தில் ஒருவன் அரைக் கிலோ சாம்பிராணியில் கல் கலந்து தந்தாலும் முகர்ந்தே கண்டுபிடிப்பவர். அப்படிப்பட்ட மனிதர் கையில் கட்டிய ஒரு கண்ணாடிச் சில்லு "அருமை" என்று சொன்னதும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதில் வாணவேடிக்கை வேறு வெடிக்கும். சின்னக் குழந்தை ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால் கைதட்டுவோமே, அந்த மாதிரி. அதைப் பார்த்து ஐம்பத்தெட்டு வயது மனிதர் சிரிக்கிற சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதிலும் ஒரு கூத்து நடந்தது. முதல் சில வாரங்கள் அவர் பார்த்துக்கொண்டிருந்தது நடந்து எரித்த கணக்கே இல்லை. அந்தச் செயலியில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று உடற்பயிற்சிக்கு மட்டும். இன்னொன்று அன்றைய மொத்தம், அதாவது மூச்சு விடுவது, சோறு செரிப்பது, குறட்டை விடுவது எல்லாம் சேர்த்தது. இவர் மொத்தத்தைப் பார்த்து, இன்னும் அவ்வளவு சாப்பிட இடமிருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருந்தார். மகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கண்டுபிடித்தாள்.

"ப்பா, அதுல நீங்க சும்மா உட்கார்ந்திருந்தாலே எரியிறதும் சேர்ந்திருக்கு. அதைச் சாப்பிடக் கூடாது ப்பா. அதுவும் இல்லாம உடற்பயிற்சிக் கணக்கே ஒரு குத்துமதிப்புதான். கூட்டித்தான் காட்டும். அதை நம்பி கூடச் சாப்பிடாதீங்க."

"குத்துமதிப்பா? அப்ப ஏன்மா இவ்வளவு துட்டு போட்டு வாங்கின?" என்றார். எனக்கு மகள்மேல் இரக்கமாக இருந்தது.

வாரம் ஒருநாள் அவர் தோட்டத்துக் கோயில்களுக்குப் பூசைச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பார். மோட்டார் சைக்கிளில்தான் போவார். செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை, லாரி போய்ப் போய்ப் பள்ளமும் மேடும். போய்விட்டு வந்தால் எலும்பெல்லாம் இடம் மாறியிருக்கும். அப்படி ஒருநாள் திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தவர், வாசலிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். திடலில் நடந்த நாளைவிட இரண்டு மடங்கு காட்டியது. மோட்டார் குலுங்கியதை எல்லாம் இவர் நடந்ததாக அது எடுத்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா, உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி," என்றார், விளையாட்டாக இல்லை, உண்மையாகவே. அந்தப் படத்தையும் குழுவில் போட்டார். அன்று முழுக்க அவருக்குக் கும்பிடு விழுந்துகொண்டே இருந்தது. இரவு உணவில் கோழிக்கறி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நான் போடவில்லை. அவரே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாள் அவர் குளிக்கப் போனபோது கடிகாரம் மேசைமேல் கிடந்தது. சமையலுக்கு எடுத்து வைத்திருந்த பாகற்காய் ஒன்றை எடுத்து, அதன் வயிற்றைச் சுற்றி வாரை இறுக்கிக் கட்டினேன். அடியில் பச்சை விளக்கு மின்னியது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நெஞ்சுத் துடிப்பு எண்பத்து நான்கு என்று காட்டியது. நான் அசந்துவிட்டேன். பாகற்காயைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் ஆட்டினேன். நூற்றுப் பத்துக்கு ஏறியது, கலோரியும் கூடவே ஏறியது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம், இந்தக் காயைவிடவா என் புருஷனின் உடம்பை இது நன்றாக அறிந்து வைத்திருக்கப்போகிறது என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் துண்டோடு வந்து நின்றார்.

"இந்தாங்க, உங்களைவிட இது ஆரோக்கியமா இருக்கு. இதையே குழுவுல சேர்த்துடுங்க."

பார்த்தார். முகம் சுருங்கியது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"பாகற்காய்க்கும் உயிர் இருக்குல்ல. செடிக்கு உயிர் இல்லன்னு யாரு சொன்னா?"

அதற்கு மேல் என்ன பேசுவது? தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவது போல நடிப்பவரை எழுப்ப முடியுமா? அந்தப் பாகற்காயை அரிந்து வறுத்து அவருக்கே போட்டேன். அதற்கு எத்தனை கலோரி என்று செயலியில் தேடிக்கொண்டே சாப்பிட்டார்.

இப்படியே ஆடி மாதம் வந்தது. அவருடைய அப்பா பிறந்து வளர்ந்த தோட்டம் பீடோங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆட்களும் டவுனுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அம்மன் கோயில் இருக்கிறது, ஆடித் திருவிழாவில் தீமிதி இருக்கிறது. என் கணவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தீ மிதிக்கிறவர். கொடியேற்றத்தன்று பூசாரி மஞ்சள் கிழங்கை மஞ்சள் நூலில் கோத்து வலது மணிக்கட்டில் காப்புக் கட்டுவார். கட்டியபின் தீமிதி முடியும்வரை அதைக் கழற்றக் கூடாது, சைவம், செருப்பில்லாத கால், தரையில் படுக்கை. அதையெல்லாம் அவர் ஒழுங்காகவே கடைப்பிடிப்பார்.

செருப்பில்லாத கால் என்பதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இந்த வருஷம் வேண்டாம் என்று கெஞ்சினேன். அம்மனுக்கு வேறு ஏதாவது செய்யலாம், பால்குடம் எடுக்கலாம், அன்னதானம் போடலாம் என்றேன். அவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"என் உடம்பு இப்ப எப்படி இருக்குன்னு பாரு. இருபது வயசுல கூட இவ்வளவு நான் எரிச்சதில்ல. எனக்கென்ன?"

காப்புக் கட்டிய அன்றுதான் பெரிய கூத்து. வலது மணிக்கட்டில் கடிகாரம், அதே மணிக்கட்டில்தான் காப்பு. ஒன்று இடது கைக்குப் போக வேண்டும். காப்பு மாறாது. கடிகாரத்தை மாற்றினால் கலோரி ஏறாது, கூட்டாளி சொல்லியிருக்கிறாரே. அதனால் மஞ்சள் கிழங்குக்கு மேலேயே கடிகாரத்தை வைத்து வாரை இழுத்துக் கட்டிக்கொண்டார். காப்பு நழுவாமலும் இருக்கும் என்று அதற்கு ஒரு நியாயம். தீமிதிக்குக் காப்புக் கட்டிய திடல்காரர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் அப்படியே கட்டிக்கொண்டார்கள். கோயிலில் மூன்று பேரும் வரிசையாக நிற்க, மூன்று கையிலும் மஞ்சள் கிழங்கின்மேல் கடிகாரம் மேடாக உட்கார்ந்திருந்தது, கல்லின்மேல் தவளை உட்கார்ந்திருப்பது போல.

அன்றிலிருந்து எண்கள் தறிகெட்டு ஓடின. பச்சை விளக்கு தோலில் பட வேண்டியது, மஞ்சளில் பட்டுக்கொண்டிருந்தது. கடையில் நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறார், நெஞ்சுத் துடிப்பு நூற்று ஐம்பது என்கிறது. சூடம் காட்டுகிறார், ஓட்டப் பந்தயம் என்கிறது. மகள் வீடியோவில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ப்பா, அது தோல்ல ஒட்டியிருக்கணும். இல்லன்னா எல்லாம் தப்புத் தப்பா வரும்."

"காப்பைக் கழட்டச் சொல்றியா?"

"கடிகாரத்தைக் கழட்டுங்க ப்பா!"

"இது நான் விரதம் இருக்கிற உடம்பு. அம்மா சக்தி வேற ஏறுது. கூடத்தானே காட்டும்?"

அம்மனையும் கடிகாரத்தையும் ஒரே மணிக்கட்டில் கட்டிக்கொண்ட மனிதரிடம் யார் வாதாட முடியும்? விரதச் சாப்பாடு என்று கோயிலில் சர்க்கரைப் பொங்கல், பாயசம், உளுந்து வடை. செயலியில் சர்க்கரைப் பொங்கல் கிடைக்கவில்லை. அதனால் அதை வெறும் அரிசிக் கஞ்சி என்று பதிந்தார். பாயசத்தைப் பால் என்று பதிந்தார். கஞ்சியும் பாலும் குடிக்கும் ஒரு முனிவரைச் செயலி மனதாரப் பாராட்டிக்கொண்டிருந்தது.

தீமிதிக்குச் சில நாட்கள் இருக்கும்போது கிளினிக்கில் மறுபரிசோதனை வந்தது. அதே டாக்டர். முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். சீனி இறங்கவில்லை, ஏறியிருந்தது. எடையும் ஏறியிருந்தது. என் கணவர் கொஞ்சமும் அசரவில்லை. கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டி, மலாயில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். தினமும் இவ்வளவு எரிக்கிறேன், உங்கள் இயந்திரத்தில்தான் ஏதோ பிழை என்றார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், அதன் கீழே எட்டிப்பார்த்த மஞ்சள் கிழங்கைப் பார்த்தார். டாக்டர் கையிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. இவர் அதைச் சுட்டிக்காட்டி, நீங்களும் கட்டியிருக்கிறீர்களே என்றார்.

நான் மணி பார்க்கக் கட்டியிருக்கிறேன் அங்கிள், என்றார் அந்தப் பெண், மரியாதை குறையாமல்.

பிறகு காலை நீட்டிப் படுக்கச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடுங்கள், பாதத்தில் படுவது தெரியும்போது சொல்லுங்கள் என்றார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் இழையால் தொட்டார். "ஆடா," என்றார் இவர், இருக்கிறது என்று. மறுபடி தொட்டார். "ஆடா." பிறகு டாக்டர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி சும்மா நின்றார். "ஆடா," என்றார் என் கணவர். கொஞ்ச நேரம் விட்டு, "ஆடா, ஆடா," என்றார்.

யாரும் அவர் காலைத் தொடவில்லை.

டாக்டர் இழையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஊசியை இந்த வாரமே தொடங்க வேண்டும் என்றார். தீ மிதிப்பதைப் பற்றி நான்தான் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. வேண்டாம் அங்கிள், உங்கள் பாதத்துக்குச் சூடு தெரியாது என்று இரண்டு முறை சொன்னார். இவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் அப்படித் தலையாட்டினால் கேட்கப்போவதில்லை என்று அர்த்தம். முப்பது வருஷமாக எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியில் கெரெத்தாவின் முன் சீட்டில் உட்கார்ந்து நான் கத்தினேன். அண்ணனின் காலைச் சொன்னேன். போர்வையைச் சொன்னேன். உங்களுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன் என்று வாய்விட்டுக் கேட்டேன். அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"காப்புக் கட்டியாச்சு. கட்டினவன் மிதிக்காம விட்டா குடும்பத்துக்கு ஆகாது. ஊசியை அப்புறம் போட்டுக்கிறேன். எல்லாத்தையும் அப்புறம் பாத்துக்கலாம்."

நான் பூசாரியிடம்கூடப் போனேன். அவர் நல்ல மனிதர், அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் காப்பை இறக்கிவிடலாம், தப்பில்லை என்றார். அதை இவரிடம் சொன்னபோது, கூட்டாளியும் பக்கத்தில் இருந்தார். கூட்டாளி சிரித்தார்.

"தங்கச்சி பயப்படுது அண்ணே. உங்க உடம்பு எப்படி இருக்குன்னு குழுவே பாத்துக்கிட்டு இருக்கு. எங்களைவிட டாக்டருக்குத் தெரியுமா லா?"

அந்த மனிதரை அன்று நான் மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

தீமிதி மாலையில். வெயில் இறங்கி, ஜெராய் மலை உச்சியில் மேகம் கட்டியிருந்தது. குழியில் தணல் சிவப்பாகக் கிடந்தது, தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குச் சூடு. உறுமி மேளம் காதை அடைத்தது. ஆற்றங்கரைப் பூசையிலிருந்து மஞ்சள் வேட்டியில், கையில் வேப்பிலையோடு வரிசையாக வந்தார்கள். முதலில் பூசாரி கரகத்தோடு இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக. ஓட்டமும் நடையுமாகத்தான் போனார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பால்குழியில் காலை வைத்ததும் மூச்சை விட்டார்கள். என் கணவரும் எல்லா வருஷமும் அப்படித்தான் போவார். அவர் முகத்தில் அந்தச் சில நொடி வலி எனக்கு மனப்பாடம்.

இந்த முறை அவர் நடந்தார். திடலில் நடப்பது போலக் கையை வீசி நிதானமாக நடந்தார். ஒரு காலை முழுதாக வைத்து, அடுத்த காலை முழுதாக வைத்து, நடுக்குழியில் ஒரு கணம் நின்று அம்மனைக் கும்பிட்டுவிட்டு மறுபடி நடந்தார். கூட்டம் "ஓம் சக்தி" என்று அலறியது. பக்கத்திலிருந்த பெண் என் தோளைப் பிடித்து உலுக்கி, அண்ணன் பூமேல நடக்கிற மாதிரி நடக்கிறார் பாருங்க அக்கா, கொடுத்து வச்சவங்க நீங்க என்றாள். கூட்டாளி கைப்பேசியை உயரத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என் கணவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, வலி இல்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு பந்தலுக்குப் போனேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் ஆட்கள், அவர் காலில் விழுந்து கும்பிட ஒரு வரிசை. எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு, குழாயில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வந்து தரையில் உட்கார்ந்தேன். பாலும் சாம்பலும் சேர்ந்து பாதம் இரண்டும் வெள்ளையாகப் பூசிக்கிடந்தன. வலது காலை மடியில் எடுத்து வைத்துத் துண்டை நனைத்துத் துடைத்தேன். மேலே அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்தா, பாரு. தீ மிதிச்சப்ப நெஞ்சுத் துடிப்பு நூத்தி எழுபது. கொழுப்பு எரியிற கட்டத்தையே தாண்டிட்டேன்னு போட்டிருக்கு. இது வரைக்கும் குழுவுல யாரும் இதைத் தொட்டதில்ல."

சாம்பல் போனதும் தோல் துண்டோடு வந்தது. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து சிவந்திருந்தது. அதன் நடுவில் ஒரு கரித்துண்டு சதைக்குள் பதிந்து கிடந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கரியை நகத்தால் நெம்பி எடுத்தேன். எடுத்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். மறுபடி, என் பலம் எல்லாம் சேர்த்து அழுத்தினேன். அவர் கடிகாரத்தை விரலால் தள்ளித் தள்ளி எண்களை வாசித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் குனிந்து என்னைப் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார்.

"அம்மா புண்ணியத்துல சுடவே இல்ல லா," என்றார். "நீ எதுக்கு அழுவுற?"